வீட்டில் ஒருவருக்குக் காசநோய்: மற்றவர்களுக்கு எந்த மாத்திரை?

சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இருப்பது உறுதியான நாளில் வீட்டார் கவனமெல்லாம் நோயாளியின் மேல்தான் இருக்கும். சிகிச்சை தொடங்கிச் சில நாள் ஆன பிறகே அடுத்த கேள்வி வருகிறது. அதே வீட்டில், அதே அறையில், மாதக்கணக்கில் அவருடன் படுத்து எழுந்த மற்றவர்கள் என்ன செய்வது? சுகாதாரப் பணியாளர் வந்து, வீட்டில் எல்லோரும் தடுப்பு மாத்திரை சாப்பிட வேண்டும் என்பார். நோயே இல்லாதவர்களுக்கு எதற்கு மாதக்கணக்கில் மாத்திரை என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் கட்டாயம் கேட்பார். கேள்வி நியாயமானது. அதற்கான விடை எழுபது ஆண்டு ஆராய்ச்சியில் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியில் ஒரு பகுதி சென்னையிலேயே நடந்தது.

முன்பெல்லாம் நம் நாட்டில் காசநோயாளி வீட்டுச் சிறு குழந்தைகளுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் மட்டுமே இந்தத் தடுப்பு சிகிச்சை தரப்பட்டது. 2021-இல் வந்த தேசிய வழிகாட்டுதல், நுரையீரல் காசநோயாளியின் வீட்டில் வாழும் எல்லா வயதினரையும் அதற்குள் கொண்டுவந்தது. அதில் முதன்மையாகச் சொல்லப்பட்டவை இரண்டு முறைகள். ஒன்று, ஐசோனியாசிட் என்ற ஒரே மருந்தை ஆறு மாதம் தினமும் சாப்பிடுவது. மற்றொன்று, ஐசோனியாசிட்டுடன் ரிஃபாபென்டின் என்ற மருந்தையும் சேர்த்து, வாரம் ஒரு முறை என்று பன்னிரண்டு வாரம் சாப்பிடுவது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வயது தாண்டியவர்களுக்கு, தடை ஏதும் இல்லையென்றால், வாராந்திர முறையே மேல். அது கையிருப்பில் இல்லையென்றால், வரும்வரை காத்திருக்காமல் தினசரி மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். கைக்குழந்தை விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. ஆனால் இந்த இரண்டு முறைகளையும் எடைபோடுவதற்கு முன், பல வீடுகளில் முதலில் மனதில் வரும் வேறு வழிகளைப் பார்த்துவிடுவது நல்லது. மாத்திரைக்கு உண்மையான போட்டி அவைதாம்.

குழந்தையை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்பது அவற்றில் முதலாவது. தட்டு, தம்ளர், படுக்கை எல்லாம் தனியாக வைத்து, பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு ஏற்றிவிட்டால் ஆபத்து போய்விடும் என்ற நம்பிக்கை. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மதராஸ் அரசு நான்கும் சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குவது அதுதான். அது எடுத்துக்கொண்ட முதல் கேள்வி, அந்தக் காலத்தில் துணிச்சலானது: நோயாளியைச் சானடோரியத்தில் சேர்க்காமல், நெரிசலான ஏழை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை வீட்டிலுமாக வைத்து, இரு பிரிவுக்கும் அதே மருந்துகளைக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் இருந்தன. வீட்டில் இரண்டும் இல்லை. அப்படியிருந்தும் வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் கேள்விக்கு முக்கியமானது அந்த ஆய்வின் இரண்டாவது பகுதி. இரு பிரிவு நோயாளிகளின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில் மற்றவர்களுக்கு நோய் அதிகம் வரவில்லை. காரணம் எளிது. நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே, இருமிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், பரவ வேண்டிய கிருமி பெரும்பாலும் பரவி முடிந்திருக்கும். சரியான மருந்து தொடங்கிய பிறகு பரவல் விரைவாகக் குறைந்துவிடும். ஆகவே குழந்தையை அனுப்பிவைப்பது, கிருமியையும் சேர்த்து அனுப்பிவைப்பதாகவே முடியலாம். அதைவிட மோசம், குழந்தை அந்தப் பகுதிச் சுகாதார நிலையத்தின் கண்காணிப்பிலிருந்தும் நழுவிவிடுகிறது. பாட்டி வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், அங்குள்ள மருத்துவருக்கு அப்பாவின் நோய் தெரியாது. தட்டையும் தம்ளரையும் பிரிப்பதில் நோயாளிக்கு மனவேதனை மிஞ்சும், மற்றபடி பயனில்லை. இந்த நோய் காற்றில் பரவுவது.

பிறந்ததும் பி.சி.ஜி. போட்டாயிற்றே என்பது இரண்டாவது. இதற்கும் பக்கத்திலேயே விடை இருக்கிறது. செங்கல்பட்டு வட்டாரத்தில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வு உலகின் மிகப் பெரிய தடுப்பூசி ஆய்வுகளில் ஒன்று. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. பதினைந்து ஆண்டு கவனித்த பிறகும் அது மாறவில்லை. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளை உறைக் காசநோய், உடல் முழுவதும் பரவும் காசநோய் ஆகியவற்றிலிருந்து பி.சி.ஜி. ஓரளவு பாதுகாக்கிறது. அதனால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். ஆனால் வீட்டுக்குள்ளேயே கிருமியைப் பரப்பும் நோயாளி இருக்கும்போது, தோளில் இருக்கும் தழும்பை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

மூன்றாவது, சோதனை செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பது. கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளக்கும் மாண்டூ சோதனையும், ரத்தத்தில் செய்யும் சோதனையும் இருக்கின்றன. அவை உடலுக்குள் கிருமி புகுந்திருக்கிறதா என்று மட்டும் சொல்லும். நோய் வருமா என்று சொல்லாது. சத்துக் குறைந்த குழந்தையிடம் கிருமி இருந்தும் மாண்டூ தடிக்காமல் போகலாம். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வசதி இருந்தால் சோதனை செய்யலாம். அது கிடைக்கவில்லை என்று சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது என்பதே இன்றைய நிலைப்பாடு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அந்தச் சோதனையே தேவையில்லை.

தவிர்க்கவே கூடாத சோதனை வேறொன்று உண்டு. தடுப்பு மாத்திரை தொடங்கும் முன், அவருக்கு ஏற்கெனவே நோய் வந்துவிடவில்லை என்று உறுதி செய்துகொள்வது. இருமல், காய்ச்சல், இரவில் வியர்வை, எடைக் குறைவு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். குழந்தை சாப்பிட மறுக்கிறதா, விளையாடாமல் சோர்ந்து கிடக்கிறதா என்றும் கேட்க வேண்டும். முடிந்தால் ஒரு எக்ஸ்-ரே எடுத்துவிட வேண்டும். நோய் வந்த உடலில் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும். தடுப்புக்கான ஒன்றிரண்டு மருந்தை அங்கே கொடுத்தால், அவற்றுக்கு அடங்காத கிருமி மட்டும் தப்பிப் பெருகும். உறங்கிக் கிடக்கும் சொற்பக் கிருமிக்கு ஒரு மருந்து போதும். விழித்துவிட்ட கிருமிக்கு நான்கு வேண்டும்.

இனி முக்கியமான ஒப்பீட்டுக்கு வருவோம்.

ஐசோனியாசிட் 1952-இல் காசநோய் மருந்தாகப் புழக்கத்துக்கு வந்தது. அது நோயைத் தடுக்கவும் உதவுமா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை கிடைத்த இடங்களில் ஒன்று அலாஸ்காவின் பெத்தெல் பகுதி. அங்கிருந்த பழங்குடி மக்களிடம் அன்று காசநோய் உலகிலேயே மிகக் கடுமையாக இருந்தது. ஜார்ஜ் காம்ஸ்டாக் என்ற மருத்துவர் 1957 முதல் அங்கே வீடு வீடாக, சில வீடுகளுக்கு ஐசோனியாசிட்டும் சில வீடுகளுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஆராய்ந்தார். மருந்து பெற்ற வீடுகளில் நோய் பெருமளவு குறைந்தது. காம்ஸ்டாக் தானும் அந்த மாத்திரையைச் சாப்பிட்டார். தம் குடும்பத்துக்கும் கொடுத்தார்.

எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும் என்பதற்குக் கிழக்கு ஐரோப்பாவில் சுமார் 28,000 பேரிடம் நடந்த ஆய்வு 1982-இல் விடை தந்தது. நுரையீரலில் பழைய காசநோய்த் தழும்பு உள்ளவர்கள் அவர்கள். பன்னிரண்டு வாரம் சாப்பிட்டவர்களிடம் நோய் 21 சதவீதம்தான் குறைந்தது. இருபத்து நான்கு வாரத்தில் 65 சதவீதம். ஐம்பத்திரண்டு வாரத்தில் 75 சதவீதம். ஓராண்டும் ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தவர்களை மட்டும் எடுத்தால் 93 சதவீதம். ஓராண்டுதானே சிறந்தது, பிறகு ஏன் ஆறு மாதம் என்று கேட்கலாம். முதல் ஆறு மாதத்தில் கிடைக்கும் பலனோடு ஒப்பிட்டால் அடுத்த ஆறு மாதத்தில் கூடுதலாகக் கிடைப்பது குறைவு. கல்லீரல் பாதிப்பும் செலவும் ஏறிக்கொண்டே போகும். ஆறு மாதம் என்பது இப்படிப் பிறந்த சமரசம். மருந்தை மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டால் பாதிப் பலனாவது கிடைக்கும் என்று நினைப்பவர்கள் 21 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். பாதியில் விட்டால் பாதியும் கிடைக்காது.

பாதியில் விடுவதுதான் இந்த முறையின் தீராத பலவீனம். உடம்பில் ஒரு குறையும் தெரியாதவர், நூற்றெண்பது நாள் தவறாமல் மாத்திரை விழுங்க வேண்டும். முதல் மாதம் பயம் இருக்கும். மூன்றாவது மாதத்தில் நோயாளியே தேறி வேலைக்குப் போய்விடுவார். பிறகு மாத்திரை யாருக்கு நினைவிருக்கும்?

இந்த இடத்தில்தான் ரிஃபாபென்டின் வருகிறது. காசநோய் சிகிச்சையில் வழக்கமாகத் தரும் ரிஃபாம்பிசினுக்கு உறவான மருந்து. ஆனால் உடலில் நெடுநேரம் தங்கும். அதனால் வாரம் ஒரு முறை போதும். பெரியவருக்கு 900 மில்லிகிராம் ஐசோனியாசிட், 900 மில்லிகிராம் ரிஃபாபென்டின். தனித்தனி மாத்திரைகளாக இருந்தால் ஒரே வேளையில் ஒன்பது விழுங்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்த மாத்திரை என்றால் மூன்று. பன்னிரண்டு வாரத்துக்கு மொத்தம் 36. தினசரி முறையின் 180-உடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

2011-இல் வெளியான பெரிய ஆய்வு, அமெரிக்கா, கனடா, பிரேசில், ஸ்பெயின் நாடுகளில் ஏறக்குறைய 7,700 பேரிடம் இந்த வாராந்திர முறையை, ஒன்பது மாத ஐசோனியாசிட்டுடன் மோதவிட்டது. வாராந்திர முறையில் 3,986 பேரில் 7 பேருக்கு நோய் வந்தது. ஒன்பது மாத முறையில் 3,745 பேரில் 15 பேருக்கு. சிகிச்சையை முடித்தவர்கள் 82 சதவீதமும் 69 சதவீதமும். மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் 0.4 சதவீதமும் 2.7 சதவீதமும். நம் நாட்டுத் தினசரி முறை ஒன்பது மாதமல்ல, ஆறு மாதம். ஒன்பது மாதத்துக்கே ஈடுகொடுக்கும் முறை, ஆறு மாதத்துக்குக் குறைந்ததாக இருக்க வாய்ப்பில்லை.

இரண்டு முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளின் கணக்கை 2015-இல் தனியாக வெளியிட்டார்கள். வாராந்திர முறையில் 471 பேரில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. தினசரி முறையில் 434 பேரில் மூவருக்கு வந்தது. முடித்தவர்கள் 88 சதவீதமும் 81 சதவீதமும். மருந்தால் கல்லீரல் பாதித்த பிள்ளை ஒருவரும் இல்லை. மருந்துகளைப் பொறுத்தவரை பிள்ளைகளின் கல்லீரல் பெரியவர்களுடையதைவிட உறுதியானது. காசநோய் மருந்து என்றாலே குழந்தை தாங்குமா என்று அஞ்சும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

இந்த வெற்றியில் ஒரு சின்னச் சூது இருக்கிறது. அந்த ஆய்வில் வாராந்திர மாத்திரையைப் பணியாளர் முன்னிலையில் விழுங்க வைத்தார்கள். தினசரி மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். கண்ணெதிரே சாப்பிட வைத்தால் எந்த மாத்திரையும்தான் ஒழுங்காகப் போகும். பிறகு நடந்த மற்றோர் ஆய்வு அதைச் சோதித்தது. பணியாளர் முன்னிலையில் வாராந்திர முறையை முடித்தவர்கள் 87 சதவீதம். தாங்களாகவே சாப்பிட்டவர்கள் 74 சதவீதம். குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டியும் 76-க்கு மேல் ஏறவில்லை. ஆக, வாராந்திர முறையிலும் கவனிக்க ஒருவர் வேண்டும். ஆனால் நூற்றெண்பது நாள் கவனிப்பதும் பன்னிரண்டு நாள் கவனிப்பதும் ஒன்றா? ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டால் வீடே சேர்ந்து முடித்துவிடலாம். சாப்பாட்டுக்குப் பிறகு என்பதற்குக் காரணமும் உண்டு: ரிஃபாபென்டின் உணவோடு சேர்ந்தால் நன்றாக உட்கிரகிக்கப்படும்.

பக்க விளைவு விஷயத்தில் வாராந்திர முறைக்கு முழு மதிப்பெண் தர முடியாது. கல்லீரலுக்கு அது நல்லது; ஆனால் சிலருக்கு மருந்து சாப்பிட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல், உடல்வலி, தலைசுற்றல் என்று ஃப்ளூ வந்ததுபோல ஆகிவிடும். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். அரிதாக ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரலாம். அதே 2011 ஆய்வில், பக்க விளைவுக்காக மருந்தை நிறுத்தியவர்கள் வாராந்திர முறையில் 4.9 சதவீதம்; தினசரி முறையில் 3.7 சதவீதம். சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், அதைக் கண்டு பயந்தே பலர் இரண்டாவது வாரம் நிறுத்திவிடுவார்கள். தினசரி ஐசோனியாசிட்டில் கவனிக்க வேண்டியவை வேறு: பசியின்மை, வாந்தி, கண் மஞ்சளாவது, கை கால் எரிச்சல். எரிச்சலைத் தடுக்க பி6 வைட்டமின் சேர்த்துத் தருவார்கள். கண் மஞ்சளானால் இரண்டு முறைகளிலும் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தினமும் குடிப்பவர்களுக்கு எந்த முறையும் ஆபத்து. அதை மருத்துவரிடம் மறைப்பவர்கள் ஏராளம்.

எனக்கு வாராந்திர முறையின் பக்கம் தராசைச் சாய்ப்பது இன்னொரு காரணம். 2014-16-இல் நடந்த தேசிய மருந்து எதிர்ப்பு ஆய்வில், புதிதாக நோய் கண்டவர்களில் நூற்றுக்குப் பதினொருவரிடம் ஐசோனியாசிட்டுக்கு அடங்காத கிருமி இருந்தது. முன்பு சிகிச்சை பெற்றவர்களில் நால்வருக்கு ஒருவர். தினசரி முறையில் இருப்பது ஐசோனியாசிட் மட்டும்தான். அப்பாவின் கிருமி அதற்கு அடங்காத வகை என்றால், பிள்ளை ஆறு மாதம் சாப்பிட்டது வீண். வாராந்திர முறையில் துணைக்கு இரண்டாவது மருந்து இருக்கிறது. ட்ரூநாட் போன்ற விரைவுச் சோதனை பெரும்பாலும் ரிஃபாம்பிசின் எதிர்ப்பை மட்டுமே சொல்லும். ஐசோனியாசிட்டுக்கு வேறு சோதனை தேவை. அதன் முடிவையும் வீட்டார் கேட்டு வாங்க வேண்டும்.

ரிஃபாபென்டின் விலைதான் நெடுநாள் தடையாக இருந்தது. 2019-இல் தயாரிப்பு நிறுவனமான சனோஃபியுடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தால், ஏழை, நடுத்தர நாடுகளின் அரசுத் திட்டங்களுக்கு ஒருவருக்கான மருந்து 45 டாலரிலிருந்து 15 டாலராகக் குறைந்தது. அரசு சுகாதார நிலையத்தில் நமக்கு அது இலவசம். ஆனாலும் எல்லா இடத்திலும் எப்போதும் கையிருப்பு இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

இப்போது வீட்டில் உள்ளவர்களை வயதுவாரியாக எடுத்துக்கொள்வோம்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நம் தேசிய வழிகாட்டுதலில் வாராந்திர முறை கிடையாது. எடைக்கேற்ற அளவில், நீரில் கரையும் ஐசோனியாசிட் மாத்திரை தினமும். இந்தக் குழந்தை விஷயத்தில் ஒரு வாரத் தாமதமும் கூடாது. கிருமி புகுந்த ஆரோக்கியமான பெரியவர்களில் வாழ்நாள் முழுவதும் சேர்த்து நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே நோய் வரும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், மருந்து கொடுக்காவிட்டால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வரும். வந்தால் மாதங்களிலேயே வரும். மூளை உறைக்கும் போகும். பெரியவர்கள் எந்த முறை என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். குழந்தையின் மாத்திரை அன்றே தொடங்க வேண்டும்.

பள்ளி செல்லும் பிள்ளைக்கு வாராந்திர முறை. தினசரி முறையின் சிரமம் இங்கே அம்மாவின் தலையில்தான் விழுகிறது. பன்னிரண்டு வேளையோடு முடிவது அவருக்கும் நிம்மதி.

பெரியவர்களில் மற்ற மருந்துகளைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. ரிஃபாபென்டின், ரிஃபாம்பிசின் இரண்டும் கல்லீரலை முடுக்கிவிட்டு வேறு மருந்துகளை விரைவில் கழித்துவிடும். கருத்தடை மாத்திரை பலனிழக்கும். வேறு முறை தேவை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கும், சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கும் அவற்றின் வேகம் குறையும். அத்தனை மருந்துகளோடு இருக்கும் அறுபது தாண்டிய பாட்டிக்கு வாராந்திர முறை தடையில்லை. ஆனால் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும், கல்லீரல் சோதனையும் முன்பே செய்துகொள்ள வேண்டும். எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுபவர் அந்தச் சிகிச்சை மையத்தைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

கர்ப்பிணிக்கு வாராந்திர முறை வேண்டாம். போதிய ஆய்வு இல்லை. ஐசோனியாசிட்டையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க முடியாது. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், கர்ப்ப காலத்திலேயே ஐசோனியாசிட் தொடங்கியவர்களுக்குக் குறைப்பிரசவம் முதலான சிக்கல்கள், பிரசவத்துக்குப் பின் தொடங்கியவர்களைவிட அதிகமாக இருந்தன. இந்த ஒருவர் விஷயத்தில் மட்டும், நோய் அறிகுறி இல்லாதவரை, பொறுத்திருப்பதும் ஒரு நியாயமான தெரிவு.

வேறு முறைகளும் இருக்கின்றன. ரிஃபாம்பிசினை மட்டும் நான்கு மாதம் தினமும் கொடுப்பது அவற்றில் ஒன்று. 2018-இல் வெளியான இரு பெரிய ஆய்வுகள், பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது ஒன்பது மாத ஐசோனியாசிட்டுக்குக் குறைந்ததல்ல என்று காட்டின. குழந்தைகளில் 85 சதவீதம் பேர் அதை முடித்தார்கள். ஐசோனியாசிட்டை முடித்தவர்கள் 76 சதவீதம். நோயாளியின் கிருமி ஐசோனியாசிட்டுக்கு மட்டும் அடங்காதது என்று தெரிந்தால் வீட்டாருக்கு இதுவே பொருத்தம். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டையும் மூன்று மாதம் தினமும் கொடுக்கும் முறை பல நாடுகளில் குழந்தைகளுக்குப் பயன்படுகிறது. ஒரே மாதத்தில் முடியும் முறையும் உண்டு, எச்.ஐ.வி. உள்ள மூவாயிரம் பேரிடம் நடந்த ஆய்வில் 97 சதவீதம் பேர் அதை முடித்தார்கள். ஆனால் அது பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே, தினசரி ரிஃபாபென்டினும் தேவை.

நோயாளியின் கிருமி ரிஃபாம்பிசினுக்கும் அடங்காதது என்றால், மேலே சொன்ன எந்த மாத்திரையும் உதவாது. இந்தக் குடும்பங்களுக்கு நெடுநாள் கைவசம் இருந்தது யூகம் மட்டுமே. தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடமும், வியட்நாமில் பெரும்பாலும் பெரியவர்களிடமும் லெவோஃப்ளாக்சசினை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. குழந்தைகளில் மருந்து பெற்ற 453 பேரில் 5 பேருக்கு நோய் வந்தது. வெற்று மாத்திரை பெற்ற 469 பேரில் 12 பேருக்கு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு ஆய்வுகளும் உறுதியாக எதையும் சொல்ல முடியாதவை. எண்ணிக்கை அவ்வளவு சிறியது. சேர்த்துப் பார்த்தபோது ஆபத்து சுமார் 60 சதவீதம் குறைந்தது தெரிந்தது. பெரியவர்களில் பலருக்கு மூட்டு, தசைநார் வலி வந்தது. அதனால் குழந்தைக்கு என்றால் தயங்காமல் ஒப்புக்கொள்வேன்; உடல் உழைப்பை நம்பிப் பிழைக்கும் பெரியவர் என்றால் யோசித்தே முடிவெடுக்கச் சொல்வேன்.

உணவைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முடியாது. மாத்திரை வேண்டாம், நல்லதாகச் சாப்பிட்டால் போதும் என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை என்பதை ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் என்ற ஆய்வு நிரூபித்தது. மருத்துவத் தம்பதியரான அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்த, சென்னையின் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்ற ஆய்வு அது. காசநோயாளிகளின் குடும்பத்தினர் 10,345 பேர். ஒரு பிரிவில், பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதில் பாதி. மற்றப் பிரிவில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள். 2023-இல் வெளியான முடிவு: குடும்பம் முழுவதற்கும் உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது, சளியில் கிருமி காணும் வகை 48 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் பல தடுப்பூசிகள் எட்டாத அளவை எட்டின.

ஆனால் அந்த ஆய்வு உணவையும் மாத்திரையையும் போட்டியாக நிறுத்தவில்லை. உணவு மெதுவாக வேலை செய்யும். கைக்குழந்தைக்கு அந்த அவகாசம் இல்லை. இரண்டில் ஒன்று என்று நிர்ப்பந்தமே இல்லாத இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பானேன்? நோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். அது வங்கிக் கணக்குக்கு வருகிறதா என்று பார்ப்பதும், ரேஷன் பருப்பைத் தவறாமல் வாங்குவதும், மாதம் ஒரு முறை வீட்டில் எல்லோரையும் எடை பார்ப்பதும் மாத்திரை தொடங்கும் வாரத்திலேயே தொடங்க வேண்டியவை. எடை ஏறாத பிள்ளையை மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். தடுப்பு மாத்திரைக்கு நடுவே நோய் தலைகாட்டினால் முதலில் சொல்வது பெரும்பாலும் தராசுதான்.

புதிய தடுப்பூசி வரப்போகிறதாமே, அதுவரை பொறுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். எம்72 என்ற ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. முந்தைய கட்டத்தில் அது ஏறக்குறைய பாதி நோயைத் தடுத்தது. ஆனால் சோதனையில் சேர்க்கப்பட்டவர்கள் 15 முதல் 44 வயதுக்காரர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதில் இடமில்லை. கிருமி புகுந்தவர்களில் நோய் வருவோருக்கு அது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் வந்துவிடுகிறது.